புகையில்லாக் கூழ்

கோவில்பதாகை அம்மன் சாட்சியாக இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே எழுந்துபோய், மோட்டாரைப் போட்டுவிட்டுச் சாவகாசமாக வரலாம்.

ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவது உலகநாதன் குடும்பத்து முறை. அவருடைய அப்பா வயலில் வரப்பைச் செதுக்கி அண்டை கழித்து நடவுக்குப் போன காலத்திலிருந்து அப்படித்தான். கரகம் தெருவுக்குள் நுழையும்போது முதல் சொம்புக் கூழ் ஊற்றியிருக்க வேண்டும். தவறினால் அங்கேயே முறை கைமாறிவிடும். அதற்காகவே அடுத்த தெரு பரந்தாமன் புது அண்டா வாங்கி, வேட்டி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

வினை எதிரே இருக்கும் அடுக்குமாடியிலிருந்து வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெகதீஷ் திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை, மரியாதையான பிள்ளை. போன ஆடியில் விறகுப் புகை மூன்றாம் மாடிவரை வந்து குழந்தைகள் இருமியதாகவும், இந்தத் தடவை சிலிண்டரில் காய்ச்சினால் புண்ணியமாகப் போகும் என்றும் கேட்டுக்கொண்டார். சிலிண்டரில் காய்ச்சினால் அது கூழா என்று உலகநாதன் மனைவி பொன்னியம்மா முறைத்தாள். அவள் புருஷனுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. விறகும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம், பழைய அலுமினியத்திலிருந்தே காஸ் எடுத்துக் காய்ச்சுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

உலகநாதனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜன்னல் பிரேம் போடும் பட்டறையில் வேலை. அங்கே அறுத்துத் தள்ளிய அலுமினியத் துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, நீல டிரம்மில் கொட்டி, தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் விட்டார். டிரம் நுரைத்து உறுமியது. பொங்கிய ஹைட்ரஜனைக் குழாய் வழியாக லாரி டியூபில் பிடித்தார். டியூப் பறக்கப் பார்த்தது. ஆட்டுக்கல்லில் கட்டிவைத்தார். ஆட்டுக்கல்லும் ஒரு சாண் எழும்பி நின்றது. நிழலுக்குப் பூனை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்றவைத்தபோது தெருவே கூடியிருந்தது. யார் கண்ணிலும் தீ படவில்லை.

"இன்னா மாமே, அடுப்பே பத்தல. அம்மனே வந்து ஊதணும் போலக் கீது" என்றார் பரந்தாமன்.

"எரிஞ்சிகினுதான் கீது. இந்தத் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது, நைனா" என்றார் உலகநாதன்.

பரந்தாமன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது மீசையில் இடப்பக்கம் இல்லை. அதற்கப்புறம் அவர் விஞ்ஞானத்தைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அடுப்பில் ஏற்றியிருந்த, இரண்டு அண்டா அளவு பிடிக்கும் பெரிய அண்டா சூடேற மறுத்தது. கேழ்வரகு மாவு அடியில் மந்தமாகக் கிடந்தது. தெருமுனையில் கரகத்தோடு வரும் பம்பைச் சத்தம் கேட்டது. உலகநாதனுக்கு அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அந்த முறைதான். தன் வாயால் அது போகப்போகிறது. தீ பெருக இன்னும் அலுமினியம் வேண்டுமென்று கூட்டத்திடம் கெஞ்சினார். ஜெகதீஷ் ஓடிப்போய்த் தன் வீட்டு அலுமினிய இட்லித் தட்டுகளைக் கொண்டுவந்து டிரம்மில் போட்டார். டிரம் குலுங்கியது.

அந்த வீட்டில் எந்தப் புதுச் சாமானும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டாமல் ஓடியதில்லை. கிரைண்டருக்குக் காட்டினார்கள், வாஷிங் மெஷினுக்கும் காட்டினார்கள். அவசரத்தில் டிரம்முக்குக் காட்ட மறந்துபோனது பொன்னியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷன் திரும்புவதற்குள் கற்பூரத்தை ஏற்றி, டிரம் வாய்க்கு நேரே மூன்று சுற்று சுற்றினாள்.

மூன்றாவது சுற்று முடியவில்லை.

அண்டா நேராக மேலே போனது. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது கூழ் பச்சையாக இருந்தது. இறங்கும்போது பதமாக வெந்திருந்தது. வரிசையில் வைத்திருந்த தூக்கு, சொம்பு, வாளி எல்லாவற்றிலும் அளவாக விழுந்தது. தரையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பால்கனியில் நின்ற ஒரு பெரியவர் டம்ளரை நீட்டி, வழியிலேயே பிடித்துக்கொண்டார். கடைசிச் சொம்பு நிரம்பவும் கரகம் தெருவுக்குள் திரும்பவும் சரியாக இருந்தது. பொட்டுப் புகை இல்லை.

உலகநாதன் புருவம் கருகி நின்றார். பொன்னியம்மா மட்டும் பதறாமல் தலையை முடிந்துகொண்டாள்.

"நான் கற்பூரம் காட்டுனதாலதான்யா நல்லபடியா முடிஞ்சுது."

கோயில் மதில் சுவரில் உபயதாரர் பெயர்களைப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். அதில் மட்டும் ஏனோ, அந்த வருஷம் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் உபயம், பரந்தாமன் குடும்பத்தார் என்று இருக்கிறது.