கறுப்பு நூல் கட்டிய தோட்டாப் பெட்டி

சரிகை நிறுக்கும் தராசில் கைலாசம் நாள் முழுக்கத் துப்பாக்கித் தோட்டாக்களை நிறுத்தான். பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று ஒருநாளும் கேட்டறியாத மனுஷன், ஒவ்வொரு தோட்டாவையும் துணியால் ஒற்றித் துடைத்துப் பச்சைப்பிள்ளையைப் போலத் தட்டில் வைத்து எடுத்தான்.

சீனச் சண்டைக்குப் பிறகு ஊரில் ரைபிள் கிளப் வந்திருந்தது. அதில் உருப்படியாகச் சுடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் கைலாசம். இன்னொருவன் அவன் மனைவி ஏலவார்குழலியின் அண்ணன் மயில்வாகனம். ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் போட்டி. ஜெயிக்கிறவன் மெட்ராஸுக்குப் போகலாம். ஐம்பது கஜத்துக்கு எந்தத் தோட்டாவும் போதும். இந்தத் தடவை நூறு கஜம். அந்தச் சின்னத் தோட்டா எடையில் இம்மி பிசகினாலும் அவ்வளவு தூரத்தில் மேலும் கீழுமாக அடித்துவிடும். அதனால் இருவர் தோட்டாக்களையும் ஒன்றாகக் கொட்டி, நிறுத்துப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு.

"தராசு உன் வூட்லதான இருக்குது மாப்ளே, நீயே பாத்து நிறுத்து வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான் மயில்வாகனம். நம்பினான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

வேலை முடிந்ததும் கைலாசம் தறியிலிருந்த குழலியைக் கூப்பிட்டான். ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து வந்தாள். ஒரே மாதிரி இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் கறுப்பு நூல் கட்டியிருந்தது.

"நூல் கட்டினது உங்கண்ணனுக்கு. அவுத்துட்டுக் குடு. இன்னொண்ணு எனுது. அவன்கிட்ட ஒண்ணும் பேசிக்கினு நிக்காதே."

குழலி அந்தக் கறுப்பு நூலையே பார்த்தாள். அந்த வீட்டில் கெட்டுப்போன பட்டு நூலுக்குத்தான் கறுப்பு நூல் கட்டுவார்கள், தவறித் தறியில் ஏறிவிடக் கூடாதென்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளே எத்தனையோ முறை கட்டியிருக்கிறாள். அப்பா அம்மா இல்லாத அவளுக்கு அண்ணன் ஒருவன்தான் ஆதரவு. வரும் வெள்ளிக்கிழமை வளையல் அடுக்கி, பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகப் போகிறவன். அவனுக்கா கழிசடைத் தோட்டா?

கைலாசம் வெளியே போயிருந்த நேரத்தில் மயில்வாகனம் வந்தான். அவள் நூல் கட்டாத பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இன்னாமா, மூஞ்சி வாடிக் கெடக்குது? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ" என்று தலையைத் தடவிவிட்டுப் போனான். மற்றப் பெட்டியின் கறுப்பு நூலை அவிழ்த்து அடுப்பில் போட்டாள் குழலி. புருஷனை முதன்முதலாக ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள், பாவி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மாலை கைலாசத்தின் கழுத்தில் கிடந்தது. மயில்வாகனம் கையிலிருந்த இலக்கு அட்டையில் அம்மை போட்ட முகம் மாதிரி மேலும் கீழும் ஓட்டைகள்.

"கேளு மச்சான், உன் தங்கச்சியையே கேளு" என்றான் கைலாசம். "ஒரே எடைத் தோட்டாவெல்லாம் நூல் கட்டின பெட்டியில போட்டேன். அதைத்தான் உனக்குக் குடுக்கச் சொன்னேன்."

"நெஜமாமா? மாத்திட்டியா?"

"மாத்தினேன்ணா. அது கெட்டதுன்னு நெனைச்சு..."

"கெட்டதுன்னு அவரு சொன்னாரா?"

குழலி யோசித்துப் பார்த்தாள். அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

"சொல்லல. கறுப்பு நூல் கட்டியிருந்துச்சு..."

"கைக்குக் கெடைச்ச நூலைக் கட்டினேன் மச்சான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதே, அடையாளம் வேணாமா?" என்றான் கைலாசம்.

மயில்வாகனம் தங்கையின் பக்கம் திரும்பினான். "உன் புருஷன் ஜெயிக்கணும்னா என்னாண்ட கேட்டிருக்கலாமே குழலி. நான் சுடாமலே வுட்டிருப்பேன்."

"அண்ணா, வெள்ளிக்கிழமை..."

"புருஷன் வூடே ஒசத்தின்னு இருக்கிறவளுக்கு அண்ணன் வூடு எதுக்கு? இங்கயே பெத்துக்கோ." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கைலாசம் நிதானமாக மாலையைக் கழற்றினான். "நான் சொன்னபடி நீ செஞ்சிருந்தியானா அவன்தான் மெட்ராஸ் போவான். நீயும் வெள்ளிக்கிழமை கெளம்பியிருப்பே. நீ செய்யமாட்டேன்னு தெரியும். இத்தினி வருசமா உன்னைப் பாத்துக்கினு இருக்கறேன்."

மாலையை ஆணியில் மாட்டிவிட்டுத் தறியைக் காட்டினான்.

"தை முகூர்த்தச் சேலை பாதியில நிக்குது. நீ போய்ட்டா பக்கத்துல உக்காந்து கரை நூலோட நாடாக்கட்டையைத் தள்ள எவ இருக்கறா? போ, சோத்தைப் போட்டுட்டுத் தறியில உக்காரு."

சோற்றைப் போட்டாள். அவன் உண்டு முடித்துத் தறிக்கு வந்தபோது அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கையையே வெட்டிப் போடலாம் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. கண்ணீர் பட்டில் விழுந்தால் அதற்கும் அடிப்பான் என்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கரை நாடாக்கட்டையைக் கையில் எடுத்தாள்.