இரண்டு தடவை வரும் பாட்டு

ஹோட்டல் புல்தரையில் பாடுகிறவனுக்குத் துண்டுச்சீட்டு வருவது புதிதில்லை. மாமல்லபுரத்தில் சனிக்கிழமை சாயங்காலமானால் வடக்கத்திக் குடும்பங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்து, பழைய இந்திப் பாட்டாகக் கேட்டு எழுதி அனுப்பும். அன்றைக்கு வந்த சீட்டில் பாட்டின் முதல் வரி, பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர். அதற்குக் கீழே தமிழில், 'சந்தோஷமா வர்றது.'

பார்த்திபன் அதை இன்னொரு தடவை படித்தான். இப்படி எழுதுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். தலையை நிமிர்த்தினான். மூன்றாவது மேசையில் மலீஹா. பக்கத்தில் புருஷன் அப்துல் அஹத், மடியில் ஏறி இறங்கிக்கொண்டு ஐந்து வயதுப் பெண்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருவரும் தினமும் செங்கல்பட்டில் ரயிலேறி கூடுவாஞ்சேரியில் வேலைக்கு இறங்கியவர்கள். ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது. முதல் இடையிசை முடிவதற்குள் இசையமைத்தவர் பெயரைச் சொல்லாவிட்டால் டீ வாங்கித் தர வேண்டும். லதா எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிக்க மறைமலைநகர் வரை ஒரே வரியைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறை. பைத்தியம் மட்டும் முழுசு.

அவர்களுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. படத்தில் இரண்டு தடவை வரும். முதலில் கதாநாயகன் துள்ளிக்கொண்டு பாடுவான். எல்லாம் நாசமான பிறகு கதாநாயகி அதே மெட்டில் அழுவாள். மலீஹாவுக்கு முதலாவதுதான் பாட்டு. பார்த்திபனுக்கு இரண்டாவது. "தபலா இல்ல, ஒண்ணுமில்ல, வெறும் சாரங்கி. மெட்டு அப்படியே நிக்குது பாரு" என்பான். இந்த ஒரு சண்டை மட்டும் தீரவே இல்லை.

அப்புறம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். நிச்சயத்துக்கு முந்தின நாள் ஒரு செய்தி அனுப்பினாள். 'நாளைக்கு என்னைக் கூட்டிகினு போறதுன்னா நம்ம பாட்ட அனுப்பு. வேற எதுவும் எழுதாத, அண்ணன் போன பாக்குது. காலைல ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுவேன்.'

அனுப்பினான். காலை ஐந்தரைக்கே போய் பதினொரு மணி வரை பிளாட்பாரத்தில் நின்றான். அவள் வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. பயந்தாங்கொள்ளி, ஏமாற்றிவிட்டாள் என்று ஒன்பது வருஷமாக அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்தவன், வாராவாரம் இந்தப் புல்தரையில் அந்தச் சோகப் பாட்டைப் பாடிக் கைதட்டலும் வாங்கினான்.

இடைவேளையில் அப்துல் அஹத் மகளைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனான். பார்த்திபன் நேராக அவளிடம் போய் நின்றான்.

"எப்டி கீற?" என்றாள்.

"அன்னிக்கு ஏன் வரல?"

மலீஹாவின் முகம் சிவந்தது. "இன்னா கேள்வி இது? சோகப் பாட்ட அனுப்பினது நீ. எல்லாம் முடிஞ்சிபோச்சுன்னு நீதான சொன்ன? விடிய விடிய அத கேட்டு அழுதுகினு இருந்தேன்."

"அதுதான ஒசத்தி, மலீ? ஒனக்கு அனுப்பறது ஒசத்தியா இருக்கணும்னுதான்..."

"அட லூசே" என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். "ஸ்டேஷனுக்கு வந்தியா நீ?"

"பதினொரு மணி வரைக்கும் நின்னுகினு இருந்தேன்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஒரு பாட்டை மாற்றி அனுப்பி ஒரு வாழ்க்கையைத் தொலைத்திருக்கிறான். அதுவும் ரசனை என்ற பெயரில்.

குழந்தை ஐஸ்கிரீமோடு ஓடிவந்தது. "அம்மா, நம்ம பாட்டு எப்போ பாடுவாங்க?"

"இவள தூங்க வெக்கறதே அந்தப் பாட்டுதான்" என்றாள் மலீஹா, அவனைப் பார்க்காமல்.

மேடையில் கீபோர்டு ரஞ்சித்குமார் சீட்டைப் பார்த்து முழித்தான். "அண்ணாத்த, இத நீ பாடினதே இல்லியே. வரி தெரியுமா?"

"தெரியும். வாசி."

தாளம் விழுந்ததும் குழந்தை நாற்காலியை விட்டுக் குதித்து ஆடியது. நாலு மேசைகள் எழுந்து கூட ஆடின. இரண்டாவது சரணத்தில் மெட்டு மேலே ஏறும் இடம் வந்தது. சோகப் பாட்டில் குரல் உடைகிற இடம். இங்கே அதே இடத்தைச் சிரித்துக்கொண்டே தாண்ட வேண்டும். அழுவதில் என்ன கஷ்டம், ஒன்பது வருஷமாக அதைத்தானே செய்தான். இதுதான் கஷ்டம் என்று பார்த்திபனுக்கு அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தும் தாண்டினான்.

பாடி முடித்து மைக்கில் பாடியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொன்னான். பிறகு தமிழில், "ரெண்டுல இதுதான் ஒசத்தி. நான்தான் தப்பா சொல்லிகினு இருந்தேன்" என்றான்.

வடக்கத்திக்காரர்கள் புரியாமலே கைதட்டினார்கள். அப்துல் அஹத் எழுந்து நின்று தட்டினான். மலீஹா மட்டும் குழந்தையின் வாயைத் துடைக்கக் குனிந்தவள், துடைத்து முடித்தும் நிமிரவில்லை.