மிதந்து வந்த முத்திரை

மர டிப்போவில் அவளுடைய வேலை ஒரு தண்ணீர் டிரம்மில் தொடங்கும். நாங்கு என்கிற இரும்பு மரத்தின் பலகை லோடு வந்தால், அதில் ஒரு துண்டை அறுத்து டிரம்மில் போடுவாள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தால் நாங்கு. மிதந்தால் வேறு ஏதோ ஒன்று. உட்கார்ந்த பிறகுதான் எழுத்து பொறித்த சுத்தியலை எடுத்து ஒவ்வொரு பலகையின் முனையிலும் ஓங்கி அடிப்பாள். பாலம், படகுத்துறை, தண்டவாளக் கட்டை என்று, கரையான் வாய் வைக்காத அந்த மரம் எங்கே போனாலும் அவள் அடித்த முத்திரையும் கூடவே போகும். டிப்போவில் அவளுக்குப் பெயரே முத்திரைக்காரி.

ஒரே ஒரு லோடுக்கு மட்டும் அவள் டிரம் பக்கம் போகவில்லை. கொண்டுவந்தவன் கூடப் பிறந்த அண்ணன். படகுத்துறைக்குப் பலகை போடும் கான்ட்ராக்டை அவன்தான் எடுத்திருந்தான்.

"ஏய், எனக்கேவா டெஸ்ட்டு? உன்னைக் காலேஜுக்கு சைக்கிள்ல வச்சு மிதிச்சவன்டி நான்."

"சும்மா சீண்டாதண்ணே. சுத்தியல் ஆணியில தொங்குது, நீயே அடிச்சுக்கோ. எனக்கு ரிப்போர்ட் எழுதணும்."

அடித்துக்கொண்டான்.

மூன்றே மாதம். மழைக்கு ஆறு கொஞ்சம் ஏறியது. காலை ஷிப்டுக்குப் படகு பிடிக்க ஓடிய நர்ஸ் ஒருத்தியின் காலடியில் பலகை முறிந்து, இடுப்பெலும்பு நொறுங்கியது. செய்தி கேட்டு ஓடிவந்த முத்திரைக்காரியின் கண்ணெதிரே அந்தப் பலகை சுகமாக மிதந்துகொண்டிருந்தது. முனையில் அவளுடைய முத்திரை. எடுத்து நகத்தால் சுரண்டினாள். கழிவு எண்ணெய்க் கறுப்பு உரிந்தது. உள்ளே, பழப்பெட்டி அடிக்கிற வெளிறிய மெத்து மரம்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஈரப் பலகையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"மழை மேல பழியைப் போட்டுடலாம். நீ வாயைத் தொறக்காம இரு, போதும்."

"தெரிஞ்சேதான் போட்டியான்னு கேட்டேன்."

"தங்கச்சியே முத்திரைக்காரியா இருக்கிறப்ப எவன்டி நல்ல மரம் வாங்குவான்?"

சிரித்துக்கொண்டே சொன்னான். சைக்கிள் மிதித்த மூன்று வருஷமும் அந்தச் சிரிப்பில் செத்தன.

அண்ணி கையைப் பிடித்தாள். "ஒரே ரத்தம்மா. காட்டிக் கொடுத்துடாதே."

"காட்டிக் கொடுத்தது யாரு அண்ணி?"

கையை உதறிவிட்டு நேரே டிப்போ மேனேஜரிடம் போனாள். நடந்ததை எழுதி நீட்டினாள். படித்த மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணன் பேரு இருக்கட்டும். உன் பேரை ஏம்மா இழுக்கிற? வேலை போயிடும். நீ ஒரு பைசா வாங்கலையே."

முத்திரைச் சுத்தியலை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"காசு வாங்கினாத்தான் லஞ்சமா சார்? சொந்தக்காரன்னு கண்ணை மூடிக்கிட்டேன் பாருங்க, அதுவும் லஞ்சம்தான். அங்க படுத்திருக்கிற நர்ஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான். முதல் பேரு என்னோடதாவே இருக்கட்டும்."