ஜாஹிரா பார்த்ததை எழுதலாமா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சைக்கிள் செயின் கழன்றதால் கிடைத்த கதை இது. 1959, தென்காசியில் ஒரு நெசவாளர் தெரு. குனிந்து செயினை மாட்டும்போது, திறந்திருந்த ஒரு கதவு வழியாகப் பார்வை உள்ளே போய்விட்டது. ஒரே தறியில் இரண்டு பெண்கள். ஒருத்தி இடது கையால் நூலை நெருக்கும் பலகையை அடிக்கிறாள். அவள் வலது கை இறுக மூடி மடியில் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பவள் அவளுக்காக, குறுக்கு நூலை ஓடவிடும் நாடாக் கயிற்றை இழுக்கிறாள். பார்த்தது அவ்வளவுதான். கிரீஸ் கையோடு வீட்டுக்குப் பறந்தேன். மீதியெல்லாம் நான் கட்டியது. (முதல் பக்கத்தில் கறை இன்னும் இருக்கிறது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ரம்மியமான"

வேண்டாம். அருவி என்றாலே என் பேனாவுக்கு ஜலதோஷம் பிடித்துவிடுகிறது. நேராகவே சொல்கிறேன்.

கை மூடியவள் சைதூன் பீவி. கயிறு இழுப்பவள் அவள் நாத்தனார் ஜாஹிரா. போன சீசனில் இருவரும் ஐந்தருவியில் கைகோத்து நின்றபோது தண்ணீர் திடீரென்று செம்மண்ணாக வந்தது. சைதூனின் வலது கைப்பிடியிலிருந்து ஜாஹிரா நழுவிப்போனாள். கீழே ஒரு வேரைப் பிடித்துச் சிராய்ப்போடு பிழைத்தாள். ஆனால் அன்று மூடிய சைதூனின் கை இன்னும் திறக்கவில்லை.

[கனம் கூடட்டுமே என்று ஜாஹிராவைச் சாகடிக்கப் பார்த்தேன். அப்புறம்தான் தூக்கிவாரிப்போட்டது. நழுவிப்போனவள் உயிரோடு எதிரே நின்றும் கை நம்பமாட்டேன் என்கிறதே, அதல்லவா கதை!]

3

"எலும்பும் நரம்பும் நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா இது நடிப்பு இல்ல. பயம் கையில தங்கிட்டு. பொறுமையா இருந்தா வரும்."

மாமியார்* முதல் வாக்கியத்தோடு எழுந்துவிட்டார்.

ஓதிப் பார்த்தார்கள். சித்தம் கலங்கியவர்களை அருவிக்கடியில் நிறுத்துவது ஊர் வழக்கம். இவளையும் நிறுத்தினார்கள், அதே ஐந்தருவியில். கையை மூடவைத்த தண்ணீரிடமே போய்த் திறக்கச் சொன்னார்கள். நகம் பதிந்து உள்ளங்கையில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"நடிக்கா," என்றார் மாமியார், மகன் மசூதுவிடம். "அந்தக் கை விரிஞ்சத யாராச்சும் ஒருதடவ பாத்துட்டாப் போதும். அன்னைக்கே வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏத்திருவேன்."

வாசுதேவநல்லூர் சைதூனின் தாய்வீடு. ஏற்றினால் திரும்பி வர வழியில்லை. மசூது குனிந்த தலை நிமிராமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். (அவனுக்கு ஒரு வசனம் கொடுக்க எவ்வளவோ முயன்றேன். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்.)

* இவருக்குப் பெயர் வைக்கவில்லை. மகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தவர் இவர். அந்தப் பயத்தை இறக்கிவைக்க இவருக்கு ஒரு மருமகள் கிடைத்தாள்.

4

இனிமேல் எழுத என் கை பரபரக்கிறது.

மதியம். மாமியார் கிணற்றடியில். ஜாஹிரா இழுக்கிறாள், சைதூன் அடிக்கிறாள். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. சைதூனின் வலது கை பாய்ந்து போனது. விரலெல்லாம் விரிந்து, இழையைப் பிடித்து, இடது கையோடு சேர்ந்து முடிச்சுப் போட்டுவிட்டு, மடிக்குத் திரும்பி மூடிக்கொண்டது. சைதூனுக்குத் தெரியவே தெரியாது. ஜாஹிரா கயிற்றை இழுக்க மறந்தாள்.

முடிவு அ: ஜாஹிரா சந்தோஷத்தில் கூவிவிடுகிறாள். சைதூன் சாயங்கால பஸ்ஸில்

அடித்துவிட்டேன்.

முடிவு ஆ:

"மைனி," என்றாள் ஜாஹிரா.

"என்னட்டி?"

கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றது. "தறி ஏன் நின்னுட்டு அங்கன?"

"இழை அறுந்துட்டு உம்மா," என்றாள் ஜாஹிரா. "நான்தான் முடிஞ்சேன்."

5

ஜாஹிரா யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்குத் தெரியாமல் என் கதையில் இழை அறுமா? கெட்டிக்காரத்தனமாக எழுதியும்விட்டேன். இப்போது உங்களுக்கும் தெரியும். அங்கேதான் வம்பு.

அடுத்த இழைக்கும் அந்தக் கை வரும். இன்னும் கொஞ்ச நேரம் விரிந்திருக்கும். ஒருநாள் மூட மறந்துபோகும். அப்படித்தான் நான் ஆசைப்படுகிறேன். அதற்கு நாள் வேண்டும்.

ஆனால் மாமியார் ஈரக் கையோடு உள்ளே வந்துவிட்டார். முடிச்சைத் தடவிப் பார்க்கிறார். மகளுக்கு இவ்வளவு சின்ன முடிச்சுப் போட வராது என்று அவருக்குத் தெரியும். அவளை விட்டுவிட்டு, இந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களிடம் திரும்புகிறார்.

"நீங்க பாத்தியளா?"