ஒற்றை ஆள் படகு

துறைமுகத்தில் எந்தப் படகு இன்ஜின் இருமினாலும் என்னிடம்தான் வரும். ஆனால் எனக்குக் கடல் ஒத்துக்காது. படகு மெக்கானிக் இதை வெளியே சொன்னால் பிழைப்பு நடக்குமா? போன தடவை மாப்பிள்ளையோடு போனபோது குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. ராத்திரி சாப்பிட்டது சரியில்லை என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மாப்பிள்ளை என் தங்கை புருஷன். பேங்க் உத்தியோகம், மீன்பிடிப் பைத்தியம். இந்த வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எங்க அண்ணன் கூட வந்தா போங்க" என்றாள் தங்கை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அவருக்கு இழுவைத் தூண்டில்தான் வேண்டும். பின்னால் நீளமாகத் தூண்டில் நரம்பை விட்டு, அதில் போலி மீனைக் கட்டி, படகை நடை வேகத்தில் ஓட்டி இழுத்துக்கொண்டே போக வேண்டும். வேகமாகப் போனாலாவது என் வயிறு தாங்கும். அந்த ஊர்கிற வேகத்தில் படகு இரண்டு பக்கமும் உருளும், இன்ஜின் புகை மூஞ்சியிலேயே அடிக்கும். ஒருத்தர் இன்ஜினைப் பிடிக்க, இன்னொருத்தர் தூண்டிலைப் பார்க்க வேண்டும். அந்த இன்னொருத்தர் வேண்டாதபடி செய்துவிட்டால் நான் தப்பித்தேன் என்று புத்தி போயிற்று.

வெட்கமில்லாமல் அந்த வேலையை ரொம்ப நன்றாகச் செய்தேன். தூண்டில் கம்பு செருகும் குழாய்களை அவர் படகின் பின்பக்கம், உட்கார்ந்த கைக்கு எட்டுகிற இடத்தில் முடுக்கினேன். திரும்பும்போது நரம்புகள் சிக்காதபடி கம்புகளை வெளிப்பக்கம் சாய்த்தேன். இன்ஜின் கைப்பிடிக்கு ஒரு நீளக் குழாய் மாட்டினேன். ஓட்டுகிறவர் பின்னால் தனியாக உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் நான் உட்காருகிற நடுப் பலகையைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டாங்கியையும் பேட்டரியையும் முன்னால் தள்ளி வைத்தேன். நான் இல்லாத குறைக்கு, என் எடைக்கு ஈடாக அது சரியாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஒவ்வொரு திருகுக்கும் குறுகுறுத்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"எல்லாம் எட்டுது மச்சான். எந்திரிக்கவே வேணாம்போல."

"உங்களுக்காகத்தான் மாப்ள" என்றேன். நாக்கு கூசியது.

தங்கையும் பின்னாலேயே வந்தாள். கரையில் நின்றபடி படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணா, நீ எங்க உக்காருவ?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"அந்த டாங்கி மேலதான். வேற எங்க?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மனுஷன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். தனியாகப் போகக் கிடைத்ததில் சின்னப் பையன் மாதிரி சந்தோஷம் வேறு.

"அப்ப சரி" என்றாள் தங்கை. "நீ கூடப் போறதாலதான்ணா எனக்குத் தூக்கம் வருது."

பாவி, இதைக் கேட்டும் பேசாமல் இருந்தால் நான் மனுஷனா? நடுக்கடலில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, நான் கழற்றிய இடம் காலியாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"நான் போறதா இல்லம்மா" என்றேன். "எனக்குக் கடல் ஒத்துக்காது. வாந்தி வரும். அவரு தனியாப் போகத்தான் இதெல்லாம் பண்ணேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தங்கை திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் காலை வைத்தாள். படகு ஆடியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இங்க எனக்கு ஒரு பலகை போட்டுக் குடு. நான் போறேன்."

"உனக்கு நீச்சல் தெரியாதேம்மா."

"உனக்குத் தெரியும்ல" என்றாள். "நீயா போற?"