தோட்டத்துப் பேச்சு

போடிமெட்டு போகும் ரோட்டில் ஈஸ்வரன் அண்ணனுக்கு ஏலக்காய்க் கடை. மலையேறுகிற கார்கள் நின்று வாங்கிப் போகும். கடையில் இரண்டே பெண்கள். அடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரி முத்துப்பிரியா முன்னால், காத்தாடிக்குக் கீழே, நாற்காலியில். எஸ்டேட் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த நான் பின்னால், காய் சலிக்கிற தூசியில். எனக்குத் தூசி ஆகாது. தும்மல் பிடித்தால் விடாது. அந்த நாற்காலிமேல் வைத்த ஆசையை நான் வேறெதன் மேலும் வைத்ததில்லை.

வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன்.

"உன்னோடது தோட்டத்துப் பேச்சு ரோஜா. கூலியாளு பேசுற மாதிரி இருக்கு. முன்னாடி நின்னா கடைக்கு மரியாதை இருக்காது," என்றார் அண்ணன்.

அப்போது முன்னால் முத்துப்பிரியா, "வரூ சேச்சி, நம்மட எஸ்டேட்டு ஏலக்காயாக்கும்," என்று மலையாளம் கலந்து நீட்டி முழக்கிக்கொண்டிருந்தாள். அவள் எஸ்டேட்டைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். வந்தவர்களோ, "என்ன வெள்ளந்தியான பேச்சு!" என்று உருகி இன்னொரு பாக்கெட் வாங்கினார்கள்.

முத்துப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேறு ஆள் கிடைக்காமல் அண்ணன் என்னை முன்னால் உட்கார வைத்துப் பார்த்தார். வந்தது ஒரு கோயம்புத்தூர் அம்மா. பிறந்ததிலிருந்து பேசுகிறபடியே, "கால் கிலோ மதியா அக்கா, இல்ல இன்னுங் கொஞ்சம் போடவா?" என்றேன்.

அவர் அண்ணனிடம் திரும்பினார். "இது எஸ்டேட் பொண்ணு இல்லைங்களே? போன தடவை இருந்ததுதாங்க அசல்."

அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. "பிரியா போறதுக்குள்ள அவகிட்ட வெரசா கத்துக்க. இல்லாட்டி பழையபடி சல்லடைக்குப் போ."

கற்றுக்கொண்டேன். முத்துப்பிரியா கண்டிப்பான வாத்தியார். "உனக்குத் தோட்டத்துப் பேச்சே வரலடி," என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வாயிலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது. நாற்காலியை நினைத்துக்கொண்டு, "வரூ சேச்சி," என்றேன்.

இப்போது நாற்காலி என்னுடையது. தும்மல் இல்லை. நேற்று கூட்டம் நெருக்கிய நேரத்தில் கடைப் போன் அடித்தது. எடுத்து அதே இழுவையில், "பறயூ, யாராணு?" என்றேன்.

லயத்திலிருந்து அம்மா. என் போனில் சார்ஜ் இல்லை.

"கடைக்காரம்மாவா? எம் மக ரோஜா அங்கன வேலை பாக்குறா. சிரமம் பாக்காம கொஞ்சம் கூப்புட முடியுங்களா?"

என்னிடம் அம்மா அவ்வளவு பயந்து பேசி நான் கேட்டதே இல்லை. அழுகை வந்துவிட்டது. "இருங்க, கூப்பிடுறேன்," என்று அந்த இழுவையிலேயே சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகுதான், "அம்மா," என்றேன்.

"எங்கடி போயிருந்த?" என்றாள்.