எட்டாவது படத்தின் அடியில்

ஐந்தே காலுக்கு எழுந்தான். முகம் கழுவினான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மட்டும் மடித்தான். மற்றப் பக்கம் கலையவே இல்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உணவுக்கூடத்துக்கு நடந்தான். வாசல் பலகையில் அந்த வாரத்து வேலைப் பட்டியல் தொங்கியது. காலைச் சமையலறை என்பதற்கு நேரே அவன் மனைவியின் பெயர் இருந்தது. யாரும் அதை அடிக்கவில்லை. அவனுக்கு அந்த வாரம் கழிவறை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சமையலறைக்குள் போனான்.

கூடையிலிருந்த ரொட்டிகளை மேசையில் அடுக்கினான். நீளக் கத்தியை எடுத்துத் துண்டு போடத் தொடங்கினான். முதல் ரொட்டி கோணல்மாணலாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. கஞ்சி கிளறிக்கொண்டிருந்த சமையல்காரம்மா திரும்பிப் பார்த்தார். அந்த ஊர்க்காரர், அகலமான உடம்பு, அதற்கேற்ற குரல். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துவந்து அவன் கழுத்தில் மாட்டினார். அது அவளுடையது. முதுகுப் பக்கம் நாடா எட்டவில்லை. மாவு மூட்டை கட்டிவந்த சணலை ஒட்டுப்போட்டு முடிந்துவிட்டார்.

மனைவி இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பத்து மணிக்கு அடக்க ஆராதனை.

அது வெளிநாட்டில் ஒரு மிஷனரிப் பயிற்சிப் பள்ளி. பதினான்கு நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள், இரண்டு வருடப் படிப்பு. வேதமும் பிரசங்கமும் சொல்லித்தருவார்கள். கூடவே, முன்பின் கேட்டிராத மொழியை எழுத்தில் பிடிப்பது எப்படி, ஜெனரேட்டர் நின்றுபோனால் எங்கே கை வைப்பது என்பதையும். அவன் வேதியியல் பட்டதாரி. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். அவள் பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் நின்றவள். இரண்டு பேரும் மாணவர்கள்தான் என்றாலும், அவன் படிக்க வந்தவன், அவள் கூட வந்தவள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவனும்தான்.

பிரசங்கப் பயிற்சியில் இருபது நிமிடம் பேச வேண்டும். கேட்பவர்கள் துண்டுச் சீட்டில் குறை எழுதித் தருவார்கள். அவள் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டு இறங்கினாள். முதல்வர் ஏன் என்று கேட்டதற்கு, சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது என்றாள். அவன் இருபது நிமிடமும் பேசினான். அவனுக்கு வந்த சீட்டுகளில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது: ‘நல்லா இருந்தது. எனக்குத்தான் பசி.’

ஆனால் ஆறு மாதத்தில் கடைத்தெருவில் நிலைமை மாறிவிட்டது. அவன் அந்த ஊர் மொழியில் இலக்கண சுத்தமாக ஒன்றைக் கேட்பான். கடைக்காரர் அவளைப் பார்த்துப் பதில் சொல்வார். அவன் புத்தகத்தில் படித்த மொழியை அவள் சமையல்காரம்மாவோடு வெங்காயம் உரித்துப் படித்திருந்தாள்.

காலைச் சமையலறை வேலைக்காரருக்கு ஒரு கடமை உண்டு. மறுநாள் காலைக்கு எத்தனை தட்டு என்று முந்தின நாளே சமையல்காரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் இரவுச் சாப்பாட்டின்போது கதவோரம் நின்று தலைகளை எண்ணுவாள். குளிர்காலத்தில் ஒருநாள் ஒரு தலை குறைந்தது. யாரோ வெளியே போயிருப்பார்கள் என்றார்கள். அவள் அறை அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனாள். மாடியில் ஒரு கதவு திறக்கவில்லை. பூட்டை உடைத்தபோது உள்ளே பள்ளியிலேயே சிறிய பெண், குட்டி என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், ஜுரத்தில் சுயநினைவில்லாமல் கிடந்தாள். பிழைத்து வந்த குட்டி தமிழில் ஒரே ஒரு சொல் கற்றுக்கொண்டாள். அக்கா.

அவன் காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடுகிறவன். அவனுக்கு வைத்த தட்டு தினமும் மிஞ்சும். தெரிந்தேதான் அவனையும் சேர்த்து எண்ணுவாள்.

திங்கட்கிழமை காலை ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள் மருத்துவமனையில். மாலையில் கொஞ்சம் தெளிந்து பேசினாள். ஆறரைக்கு அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். புதன்கிழமை மதியம் மானிட்டரில் கோடு நேராகிவிட்டது. நடுவில் கண் திறக்கவில்லை.

காலை உணவு முடிந்ததும் ஏப்ரனோடு வெளியே வந்தான். ஜெபக்கூடத்துக்குப் போகும் நடைவழியில் ஏணி சாய்த்து வைத்திருந்தது.

அந்த நடைவழிச் சுவரில் ஏழு படங்கள் இருந்தன. ஊழியத்தில் இறந்துபோன பழைய மாணவர்கள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு சின்ன மரப்பலகை. அதில் அவர்கள் கடைசியாகச் சொன்னது, தங்க நிற எழுத்தில். ‘எனக்குப் பயம் இல்லை.’ ‘கதவு திறந்தே இருக்கிறது.’ முதல் வருடம் அவற்றைத் துடைப்பது அவள் வேலை. துணியைப் பிழிந்துகொண்டே ஒருநாள் கேட்டாள்: “ஏங்க, இவங்கள்ல ஒருத்தர்கூடவா தண்ணி கேக்கல?”

இப்போது எட்டாவது படம் மாட்டியிருந்தார்கள். சேர்க்கைப் படிவத்துக்கு எடுத்தது. போட்டோக்காரர் சிரிக்கக் கூடாது என்று சொன்னதற்காக முறைத்துக்கொண்டிருந்தாள். அடியில் பலகை. ‘இதோ வருகிறேன், ஆண்டவரே.’ தொட்டான். விரலில் தங்க நிறம் ஒட்டியது.

ஏணிக்குப் பின்னால் தாடி அண்ணன் நின்றார். அவனும் அவளும் போக, பள்ளியில் இருந்த ஒரே தமிழர். பத்து வயது மூத்தவர். புதன்கிழமையிலிருந்து தூங்காத கண்.

“யாருண்ணே இதைச் சொன்னது?”

அவர் தாடியைத் தடவினார். புதன்கிழமை ஊருக்கு போன் போட்டதே அவர்தான். அவள் அப்பா கேட்ட முதல் கேள்வி, கடைசியா என்ன சொன்னா. தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வந்ததைச் சொல்லிவிட்டார். அதை அப்பா சபையில் சொல்ல, சபை எழுதிக் கேட்க, முதல்வர் அதையே கடிதமாகப் பன்னிரண்டு சபைகளுக்கு அனுப்பிவிட்டார். அவ அப்படித்தானே சொல்லியிருப்பா என்றார் அண்ணன். மனதறிந்து பொய் சொல்கிற ஆள் இல்லை அவர்.

“அவ அப்படிச் சொல்லல.”

“தெரியும்டா. எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா ஊர்ல அதைப் படிச்சு அழுதுட்டு இருக்காங்க. இப்பப் போய் இல்லைன்னு சொன்னா உன் மாமனார் மனசு என்ன பாடுபடும்? இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அவளைப் பத்தி நல்லதுதானே?”

அவன் பலகையைப் பார்த்தான். நல்லதுதான். படிக்கிற யாருக்கும் அவளைத் தெரியாது, அவ்வளவுதான். அந்தப் பலகை சுவரில் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். யாரோ ஒருத்தி ஈரத்துணியோடு வந்து அதைத் துடைப்பாள்.

அறைக்குப் போய் மாமனாருக்கு போன் போட்டான். அவர் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மகள் கடல் தாண்டிப் போனது பிடிக்காமல் ஏழு மாதம் பேசாமல் இருந்தவர். விசா கிடைக்காததால் ஆராதனையை போனிலேயே பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகப் பக்கத்து வீட்டுப் பெரிய போனைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அவன் பேச்சை எடுக்கும் முன்னே அவரே கேட்டார்.

“மாப்பிள்ளை, சபையில அதைப் படிச்சாங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகையே வரல. யாரு பெத்த பொண்ணைப் பத்தியோ படிக்கிற மாதிரி இருந்துச்சு.” குரலைத் தாழ்த்தினார். “நெசமா என்ன சொன்னா?”

அவன் சொன்னான். பெரிதாக ஒன்றும் இல்லை, சொல்லி முடிக்க நேரம் ஆகவில்லை.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அப்ப எண்ணிட்டாளா?” என்றார் மாமனார்.

“எண்ணிட்டா மாமா. விழுந்த அன்னைக்கும்.”

அவர் மூக்கைச் சிந்தினார். பிறகு, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். பள்ளி விடுமுறையில் அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாராம். முன் சீட்டில் உட்கார்ந்து அவளும் தலை எண்ணுவாளாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் விசில். ஒருநாள் அவருக்கு ஒன்று குறைவாக வந்தது, அவளுக்கு அதிகமாக. அவர் அதட்டினார். அவள் இறங்கிப் போய்ப் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குழந்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாக்காரி பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எட்டு வயசு அப்ப. அன்னையிலேர்ந்து அவ எண்ணினதுதான் கணக்கு. அதையே சொல்லுங்க மாப்பிள்ளை. ஒரு எழுத்து மாத்தக் கூடாது.”

முதல்வர் தன் அறையில் பிரசங்கக் குறிப்போடு இருந்தார். நாற்பது வருடம் காடுகளில் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். அவன் நின்றபடியே சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஜெபம் ஏதும் செய்யவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். மனதுக்குள் செய்திருப்பாள், எனக்குக் கேட்கவில்லை என்றான். கடிதம் போய்விட்டதே என்றார். போனதைத் திருத்தி இன்னொன்று அனுப்பலாம் என்றான். வகுப்பில் இருபது நிமிடம் பேசியும் முதல்வரை ஒருமுறைகூட அவன் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் அவன் மார்பில் இருந்த சின்ன ஏப்ரனையும் முதுகுச் சணலையும் பார்த்தார். தன் குறிப்பில் கடைசிப் பத்தியைக் கோடு போட்டு அடித்தார். முடிவை நீயே சொல் என்றார்.

பத்து மணிக்கு ஜெபக்கூடம் நிறைந்திருந்தது. உள்ளே போகும்போது எட்டாவது படத்தின் அடியில் எழுத்து இல்லை. மாமனார் சொன்னதைக் கேட்ட தாடி அண்ணனே ஏணியில் ஏறி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை முழுக்கத் தங்கத்தூள். வெறும் மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

பெட்டி முன்னால் இருந்தது. குட்டி முதல் வரிசையில். சமையல்காரம்மா கடைசி பெஞ்சில், கதவோரமாக, அவள் நின்று எண்ணுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். முதல்வர் பேசி முடித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

அவன் எழுந்து போனான். கையில் தாள் இல்லை. மூன்றாவது வரிசையில் அண்ணன் வந்து உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தார். அதற்குள் மாமனாரின் நெற்றி மட்டும் தெரிந்தது. அவன் கடைசி பெஞ்சைப் பார்த்து, அந்த ஊர் மொழியில் பேசினான். இலக்கணம் இரண்டு இடத்தில் தப்பியது, திருத்தவில்லை.

திங்கட்கிழமை மாலை ஆறேகாலுக்கு என் மனைவி சமையலறைக்கு ஒரு தகவல் சொல்லி அனுப்பினாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். பதற்றத்தில் நான் வந்து சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேருக்கு ரொட்டி பற்றாமல் போனது என்று பிறகு தெரிந்தது. தவறு என்னுடையது. அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சமையல்காரம்மா எழுந்து நின்றார், வேலையில் தகவல் வாங்கிக்கொள்கிறவர் நிற்பதுபோல.

முதலில் தமிழில் சொல்கிறேன், அவள் சொன்னபடியே, பிறகு உங்கள் மொழியில் என்றான். முதுகில் சணல் இறுக்கமாக இருந்தது. நிமிர்ந்து நின்றுகொண்டான்.

“நாளைக்கு எண்பத்து மூணு பேருன்னு சொல்லிடுங்க. ரெண்டு விருந்தாளி வராங்க. என்னைக் கழிச்சுட்டேன். உங்களைக் கழிக்கல, சாப்பிடாம ஓடிடாதீங்க.”